குழிக்கண்ணும் பொத்தான் கண்ணும்: ஹென்றி செலிக்கின் இரண்டு பொம்மைப் படங்கள்

ஜாக் ஸ்கெலிங்டனுக்குக் கண் கிடையாது. வெள்ளை மண்டையில் இரண்டு கரிய குழிகள் மட்டும்தான். சிறுமி கோரலைன் சந்திக்கும் 'இன்னொரு அம்மா'வுக்கும் கண் கிடையாது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புப் பொத்தான்கள் தைக்கப்பட்டிருக்கின்றன. இருவரையும் திரையில் நடமாட விட்டவர் ஒரே இயக்குநர், அமெரிக்கரான ஹென்றி செலிக். 'தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்' 1993 அக்டோபரில் வந்தது. 'கோரலைன்' 2009 பிப்ரவரியில். இன்று ஜாக்கின் மண்டையோடு குழந்தைகளின் சட்டையிலும் பள்ளிப் பையிலும் சிரிக்கிறது. பொத்தான் கண்ணியைப் பார்த்தாலோ பெரியவர்களுக்கே அடிவயிறு கலங்குகிறது. எலும்புக்கூடு செல்லப்பிள்ளை ஆகிவிட்டது, அடுப்படியில் நின்று சமைக்கும் அம்மா பேயாகிவிட்டாள். இது எப்படி நடந்தது என்பதற்கான விடையில் ஒரு பாதி கதையில் இருக்கிறது, மறுபாதி பொம்மை செய்யும் பட்டறையில் இருக்கிறது.

அதற்கு முன் ஒரு வழக்கைத் தீர்த்துவிட வேண்டும். முதல் படம் டிம் பர்ட்டனுடையது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தவறு அவர்களுடையதல்ல, விளம்பரத்திலேயே பர்ட்டனின் பெயர் தலைப்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் டிஸ்னியில் வேலை பார்த்தபோது பர்ட்டன் எழுதிய ஒரு கவிதைதான் கதைக்கு விதை. ஜாக்கின் உருவத்தை வரைந்தவரும் அவரே. ஆனால் படம் உருவான காலத்தில் அவர் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' வேலையில் மூழ்கியிருந்தார். சான்பிரான்சிஸ்கோவில் பட்டறை போட்டு, ஏறக்குறைய 3 ஆண்டுகள், நூற்றுக்கும் மேற்பட்ட கலைஞர்களை வைத்துக்கொண்டு படத்தை எடுத்தவர் செலிக். பாடல்கள் டேனி எல்ஃப்மன், திரைக்கதை கேரலைன் தாம்ப்சன். 'கோரலைன்' விஷயத்தில் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. நீல் கெய்மன் 2002இல் வெளியிட்ட குறுநாவலை வைத்துத் திரைக்கதை எழுதியவரும் இயக்கியவரும் செலிக்தான். அப்படியும் அதைப் பர்ட்டன் படம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், பர்ட்டனின் கோடுகளுக்கு அடியில் ஓடும் செலிக்கின் கை தெரியவரும். என் கவனம் அந்தக் கையின் மீதுதான்.

இரண்டும் ஸ்டாப் மோஷன் படங்கள். பொம்மையை இம்மியளவு நகர்த்தி ஒரு ஃபிரேம் எடுக்க வேண்டும், மறுபடியும் நகர்த்தி அடுத்த ஃபிரேம். ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். 'நைட்மேர்' படத்தில் ஒரு நிமிடக் காட்சிக்கு ஏறக்குறைய ஒரு வாரம் பிடித்தது. மொத்தப் படமே 76 நிமிடம்தான். ஜாக்குக்கு மட்டும் 400க்கும் மேற்பட்ட தலைகள் செய்தார்கள். ஒவ்வொரு எழுத்தொலிக்கும் ஒரு வாய், ஒவ்வொரு மனநிலைக்கும் ஒரு முகம். வசனத்துக்குத் தக்கபடி ஒரு தலையைக் கழற்றி இன்னொன்றை மாட்ட வேண்டும். நாயகி சாலிக்கு நீண்ட கூந்தல் இருந்ததால் இது சரிப்படவில்லை. தலையை மாற்றும்போதெல்லாம் முடி கலைந்துவிடும். எனவே அவளுக்குத் தலையை விட்டுவிட்டு முகத்தை மட்டும் முகமூடி போலக் கழற்றி மாற்றினார்கள்.

அந்த 400 தலைகளைப் பற்றிச் சற்று யோசிக்க வேண்டும். பொம்மைப் படக் கலைஞர்களின் பழைய பாடம், உணர்ச்சி கண்ணில்தான் இருக்கிறது என்பது. கருவிழி எங்கே திரும்புகிறதோ அங்கே பார்ப்பவரின் மனமும் திரும்பும். ஜாக்குக்குக் கருவிழியே இல்லை. அந்தக் குறையைத் தலைகள் ஈடுகட்டின. வியப்பில் குழிகள் வட்டமாக விரியும், சூழ்ச்சி செய்யும்போது சாய்வான கீற்றாகச் சுருங்கும், சோர்ந்தால் மேல்விளிம்பு சரிந்து விழும். கிறிஸ்துமஸ் நகரத்தின் பனியில் முதன்முதலாக அவன் வந்து விழும் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். உடல் ஒரு குச்சி, முகம் ஒரு பந்து. அவ்வளவையும் வைத்துக்கொண்டு பொம்மைக் கடை வாசலில் நிற்கும் சிறுவனின் ஆசையைக் காட்டிவிடுகிறார்கள். குழிகள் அசைகின்றன, அதனால் உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று நம்புகிறோம்.

சுற்றியுள்ள உலகமும் இதே போக்கில்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஜாக் வாழும் ஹாலோவீன் நகரத்துச் சுவர்களிலும் மதில்களிலும் களிமண்ணும் சாந்தும் பூசி, அவை காயும் முன் கீறல் கீறலாகக் கோடு போட்டார்கள். பேனாவால் வரைந்த படம் எழுந்து நின்றதுபோல் இருக்க வேண்டும் என்பது திட்டம். 1920இல் வந்த ஜெர்மானிய மௌனப்படமான 'டாக்டர் கலிகாரி'யின் கோணல் வீடுகள் இங்கே குடியேறியிருக்கின்றன. சுருள்மலை உச்சியில் ஜாக் நடக்க நடக்க மலையே சுருள் பிரிந்து அவனுக்கு வழிவிடுகிறது. பார்வைக்குப் பயங்கரமான எல்லாமே இந்தப் படத்தில் அன்பான குடிமக்கள்தான். அச்சமூட்டுவது அவர்களுக்கு ஒரு தொழில். வருடத்துக்கு ஒருமுறை உழைத்து, முடிந்ததும் ஒருவரை ஒருவர் கைதட்டிப் பாராட்டிக்கொள்கிறார்கள்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. ஹாலோவீன் நகரத்தில் முதல் மூன்றுக்கும் பஞ்சமில்லை. பேயும் சூனியக்காரிகளும் உண்டு, ஓநாய் மனிதன் உண்டு, கிறிஸ்துமஸ் தாத்தாவையே மூட்டை கட்டிக் கடத்தும் மூன்று குட்டிக் கள்வர்கள் உண்டு. நான்காவதான இறை, அதாவது நம்மீது அதிகாரம் உள்ளவர், அங்கே கேலிப்பொருள். நகரத் தலைவருக்குச் சிரித்த முகம் ஒன்று, அழுத முகம் ஒன்று. தலை சுழலும்போது முகம் மாறும். தேர்ந்தெடுக்கப்பட்ட வெறும் அதிகாரியான தன்னால் எதையும் தானாக முடிவுசெய்ய முடியாது என்று ஜாக்கின் வாசலில் நின்று புலம்புகிற ஆள் அவர். கிறிஸ்துமஸைத் தானே நடத்தக் கிளம்பும் ஜாக்கின் தவறு பேதைமையிலிருந்து வருகிறது. கிறிஸ்துமஸ் என்றால் என்னவென்று புரிந்துகொள்ள அலங்காரக் குண்டுகளைக் கொதிக்க வைக்கிறான், கரடிப் பொம்மையை அறுத்துப் பார்க்கிறான், கரும்பலகையில் சூத்திரம் எழுதுகிறான். கடைசியில் வெட்டிச் சுருக்கிய தலையைக் குழந்தைக்குப் பரிசாகக் கொடுக்கும்போதும் அவன் மனதில் தீங்கில்லை. அதே மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் நான்கு இடங்களில் பேதைமையையும் சேர்த்திருக்கிறது. ஆகவே நமக்குச் சிரிப்பு வருகிறது, பயம் வருவதில்லை. போதாததற்கு யாரை எடுத்தாலும் பாடுகிறார்கள். எல்ஃப்மன் பாடல்களை எழுதிய பிறகுதான் திரைக்கதையே ஒழுங்கான வடிவத்துக்கு வந்தது. ஜாக்கின் பாட்டுக் குரலும் அவருடையதே. வாய்விட்டுப் பாடுகிறவனைக் கண்டு பயப்படுவது கஷ்டம்.

இத்தனைக்கும் டிஸ்னி இந்தப் படத்தைத் தன் பெயரில் வெளியிடத் தயங்கி, டச்ஸ்டோன் என்ற துணைப் பெயரில் வெளியிட்டது. குழந்தைகளுக்கு அதிகப்படியான இருட்டு என்பது அவர்கள் கணக்கு. கணக்கு பொய்த்தது. இன்று டிஸ்னி பூங்காக்களில் ஜாக்குக்கு ஆண்டுதோறும் வரவேற்பு; 2023இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் படம் ஏறிவிட்டது.

ஆனால் இந்தப் பாடல்களுக்கும் கூத்துக்கும் இடையே ஓரமாக ஒரு கிளைக்கதை நடக்கிறது. அங்கே மட்டும் இறை உண்டு. சாலியைத் துணித் துண்டுகளைத் தைத்து உருவாக்கியவர் டாக்டர் ஃபிங்கில்ஸ்டைன். நான் செய்தவள், ஆகவே எனக்குச் சொந்தம் என்பது அவருடைய வாதம். அவளை வெளியே விடாமல் பூட்டி வைக்கிறார். அவள் அவருடைய சூப்பில் விஷச்செடியைக் கலக்கிறாள். சந்தேகப்பட்டு அவளையே முதலில் குடிக்கச் சொன்னால், ஓட்டைக் கரண்டியால் குடித்ததுபோல் பாவனை செய்கிறாள். அவர் கையைப் பிடித்தால் தோள்பட்டைத் தையலைப் பிரித்துக் கையை அவரிடமே விட்டுவிட்டு ஓடுகிறாள். ஜன்னலிலிருந்து குதித்துக் கைகால் வேறாகச் சிதறி, ஊசிநூலை எடுத்துத் தன்னைத் தானே தைத்துக்கொண்டு எழுந்து நடக்கிறாள். படத்தின் உண்மையான அச்சம் இந்த வீட்டுக்குள் இருக்கிறது. பாட்டுச் சத்தத்தில் அதை நாம் சரியாகக் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் 'கோரலைன்' பிறந்ததே இந்த ஓரத்தில்தான். செய்தவருக்கும் செய்யப்பட்டவருக்கும், வளர்ப்பவருக்கும் வளர்க்கப்படுபவருக்கும் இடையிலான உரிமை வழக்கைச் செலிக் இங்கிருந்து எடுத்துக்கொண்டுபோய் ஒரு முழுப்படமாக விரித்திருக்கிறார்.

'கோரலைன்' ஒரு தையல் காட்சியில் தொடங்குகிறது. இருட்டிலிருந்து ஒரு துணிப்பொம்மை மிதந்து வருகிறது. ஊசிகளையே விரல்களாகக் கொண்ட இரண்டு கைகள் அதை வாங்கிக்கொள்கின்றன. உடையைக் கழற்றுகின்றன, முடியைப் பிடுங்குகின்றன, பொத்தான் கண்களை அறுக்கின்றன, வாய்த் தையலைப் பிரிக்கின்றன, உடலை உள்வெளியாகப் புரட்டி உள்ளடைப்பைக் கொட்டுகின்றன. பிறகு புதிதாக அடைத்து, நீல முடி வைத்து, மஞ்சள் மழைக்கோட்டு மாட்டி, பொத்தான்களைத் தைத்து ஜன்னல் வழியே வெளியே அனுப்பிவிடுகின்றன. ஒரு வசனம் இல்லை. புரூனோ குலேயின் இசையில் சிறுவர் குரல்கள் எந்த மொழியிலும் சேராத சொற்களைப் பாடுகின்றன. அவிழ்க்கப்பட்ட பொம்மை யாருடையது என்பது முதல்முறை பார்க்கும்போது விளங்காது. முன்பு கதை நடக்கும் வீட்டில் காணாமல் போன ஒரு சிறுமியின் சாயல் அது என்று பிறகு தெரியவரும். அந்தக் கைகளுக்கு அது பழகிய வேலை. பட்டறையில் செலிக்கின் ஆட்கள் நாள் முழுக்கச் செய்யும் வேலையும் ஏறத்தாழ இதேதான். அவர் இதை அறியாமல் படத்தின் வாசலில் வைத்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

கதை ஓரிகன் மாநிலத்தில் ஒரு பழைய இளஞ்சிவப்பு மாளிகையில் நடக்கிறது. மூல நாவலில் இங்கிலாந்து. அப்பாவும் அம்மாவும் தோட்டக்கலை பற்றி எழுதுபவர்கள், ஆனால் சேற்றில் கால்வைக்க நேரமில்லாதவர்கள். மகளைப் பார்க்காமலே பதில் சொல்வார்கள். சாப்பாடு வாயில் வைக்க முடியாது. சுவரில் ஒரு சின்னக் கதவு. பகலில் திறந்தால் செங்கல், இரவில் திறந்தால் சுரங்கம். அந்தப் பக்கம் இதே வீடு, இதே அம்மா, ஆனால் கோழி வறுத்து வைத்துக் காத்திருக்கிற அம்மா. தாகமாக இருக்கிறது என்றால் மேலே தொங்கும் சரவிளக்கு இறங்கிவந்து மாம்பழ மில்க் ஷேக் ஊற்றுகிறது. குழம்பு ரயிலில் வருகிறது. தோட்டத்துப் பூக்கள் மேலிருந்து பார்த்தால் கோரலைனின் முகமாகத் தெரிகின்றன.

இந்த இரண்டு வீடுகளின் வேறுபாட்டைச் செலிக் அளவுகோலால் கட்டினார். படம் முப்பரிமாணத்தில் எடுக்கப்பட்டது. நிஜ வீட்டு அறைகளின் ஆழத்தைக் குறைத்து, தரையைச் சற்றுச் சாய்த்து, பின்சுவரை முன்னே தள்ளி நெருக்கமாக அமைத்தார்கள். மறுவீட்டு அறைகள் கேமராவுக்கு அதேபோலத் தெரிந்தாலும் உண்மையில் ஆழமானவை. கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்ப்பவருக்கு அங்கே போனதும் மூச்சு விரியும். ஏன் என்று சொல்லத் தெரியாது. பின்னால் அந்த உலகம் பல்லைக் காட்டும்போது அதே ஆழம் அளவுக்கு மீறிப்போய் உறுத்தத் தொடங்குகிறது. முப்பரிமாணத்தைக் கதை சொல்லும் கருவியாக இப்படிப் பயன்படுத்திய படங்களை விரல்விட்டு எண்ணலாம். தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் பார்த்த நம்மில் பெரும்பாலோருக்கு இது கிட்டவில்லை என்பது ஒரு நஷ்டமே.

முகங்களின் கதை இன்னும் விசேஷம். 1993ஆம் ஆண்டுப் படங்களுக்கான ஆஸ்கரில் 'நைட்மேர்' சிறந்த காட்சி விளைவுகளுக்கு முன்மொழியப்பட்டு 'ஜுராசிக் பார்க்'கிடம் தோற்றது. அந்த டைனோசர்களைப் பொம்மைகளைக் கொண்டு எடுப்பதாகத்தான் முதலில் இருந்தது. கணினி வந்து அந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டது. ஆக ஸ்டாப் மோஷன் தன் உச்சத்தைத் தொட்ட வருடமும் அதற்குச் சாவு மணி அடித்த வருடமும் ஒன்றே. 'கோரலைன்' எடுத்த லைக்கா நிறுவனம் அதே கணினியை உள்ளே அழைத்து வேலை வாங்கியது. முகபாவங்களைக் கணினியில் வடித்து, முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் ஆயிரக்கணக்கில் அச்சடித்து, கையால் வண்ணம் தீட்டினார்கள். முழுநீளப் படம் ஒன்றில் மாற்று முகங்களை இப்படிச் செய்தது அதுதான் முதல்முறை. முகம் மேல்பாதி, கீழ்ப்பாதி என இரண்டு துண்டு. புருவத்தை மாற்றாமல் வாயை மட்டும் மாற்றலாம். இணைத்தால் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பாவங்கள் சாத்தியம் என்று கணக்கிட்டார்கள். நடுவில் தெரியும் கோட்டைப் பின்னால் கணினியில் அழித்துவிட்டார்கள். மற்றவை பழைய கைவேலைதான். செர்ரி மரத்துப் பூக்கள் வண்ணம் பூசிய சோளப்பொரி. கோரலைனின் நட்சத்திர ஸ்வெட்டரைக் கண்ணுக்குத் தெரியாத கம்பிகளால் பின்னியவர் அல்தியா குரோம் என்ற நுண்பின்னல் கலைஞர்.

இவ்வளவு பாவங்கள் கைவசம் இருந்தும், இன்னொரு அம்மாவின் முகத்தில் ஒரே ஒரு இடம் அசையவே அசையாது. புருவம் உயரும், உதடு குழையும், தலை சாயும். பொத்தான் பொத்தானாகவே இருக்கும். விளக்கொளி அதில் பட்டுத் தெறிப்பது மட்டும்தான் மாற்றம். ஜாக்கின் குழிக்குள் நாம் ஒரு மனதைக் கண்டோம். இந்தப் பொத்தான் நம் பார்வையை வாங்கிக்கொள்ளாமல் திருப்பி அனுப்புகிறது. அவள் பேசும் ஒவ்வொரு சொல்லும் பாசம். அந்தப் பாசத்தைச் சரிபார்க்க நமக்கு இருக்கும் ஒரே வழியான கண் அடைக்கப்பட்டிருக்கிறது. பிறகு ஒரு சின்னப் பரிசுப் பெட்டியை மேசையில் வைத்துத் தள்ளுகிறாள். உள்ளே இரண்டு பொத்தான்கள், ஒரு ஊசி, நூல். கறுப்புதான் வழக்கம், வேறு நிறம் வேண்டுமானாலும் கிடைக்கும் என்கிறாள், புதுத்துணி எடுத்துக் கொடுக்கும் அம்மாவின் குரலில். தொல்காப்பியத்தின் நான்கில் எஞ்சி நின்ற அந்த ஒன்று இங்கேதான் வந்து உட்காருகிறது. குழந்தைக்கு அம்மாவை விடப் பெரிய இறை யார்? முகம் திரிந்து சிலந்தியாகும் இறுதி உருவத்தை விட, இந்தப் பெட்டியை நீட்டும் சாந்தமான கணமே படத்தின் மிகப் பயங்கரமான கணம் என்பேன்.

தையலும் தலைகீழாகிவிட்டது. சாலிக்கு ஊசியும் நூலும் விடுதலை. வில்லன் ஊகி பூகியின் சாக்குத் தோலில் ஒரு நூலைப் பிடித்து ஜாக் இழுத்ததும் அவன் பிரிந்து வெறும் பூச்சிக்கூட்டமாகக் கொட்டிப் போகிறான். அங்கே பிரிப்பது நீதி. 'கோரலைன்' படத்தில் தைப்பது தண்டனை. மறுவுலகத்துச் சிறுவன் வைபி, கோரலைன் திரும்பிப் போகிறாளே என்று முகம் வாடியதற்காக அவனுடைய வாயோரங்களை நூலால் இழுத்து நிரந்தரச் சிரிப்பாகத் தைத்துவிடுகிறாள் இன்னொரு அம்மா. அந்தச் சிறுவன் முதலிலிருந்தே பேச முடியாதவன். அவள் அவனை அப்படிச் 'சரிசெய்து' வைத்திருந்தாள். குழந்தைகளிடம் எப்போதும் சிரித்த முகத்தையே கேட்கும் பெரியவர்கள் மீது வைத்த குத்து இது.

இன்னொரு காட்சியை விட்டுவிட்டுப் போக முடியாது. கோரலைன் பூனையோடு தோட்டத்தைத் தாண்டி நடக்கிறாள். மரங்கள் மெல்ல மெல்ல வெறும் வடிவங்களாகி, ஒன்றுமே இல்லாத வெள்ளை வெளி வருகிறது. அவள் உன்னைக் கவர எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் செய்து வைத்திருக்கிறாள் என்று பூனை சொல்கிறது. மேலும் நடந்தால் புறப்பட்ட வீட்டுக்கே வந்து சேர்கிறார்கள். பட்டறையில் எந்த செட்டும் கேமரா பார்க்கும் எல்லையோடு முடிந்துவிடும்; அதற்கப்பால் மரப்பலகையும் விளக்குத் தண்டுகளும்தான். செலிக் தன் தொழிலின் விளிம்பையே பேயின் உலகத்துக்கு விளிம்பாக வைத்துவிட்டார். 'நைட்மேர்' படத்தில் படைப்பு என்பது ஜாக்கின் உற்சாகம், தோற்றாலும் மன்னிக்கத்தக்கது. 'கோரலைன்' படத்தில் படைப்பாளியே பேய். அழகாகச் செய்வாள், நுணுக்கமாகச் செய்வாள், செய்ததெல்லாம் தனக்கே வேண்டும் என்பாள்.

குறைகள் இரண்டிலும் உண்டு. ஜாக் ஊர் முழுக்கக் குழந்தைகளை அலறவிட்டு, ராணுவம் சுட்டு வீழ்த்தியும் கல்லறைத் தேவதையின் கையில் சுகமாக வந்து விழுகிறான். ஒரு பாட்டுப் பாடியதும் தெளிந்துவிடுகிறான். முதலிலேயே எச்சரித்த சாலிக்கு அவனிடமிருந்து ஒழுங்கான மன்னிப்புக்கூட இல்லை. கடைசிக் காட்சியில் சுருள்மலை உச்சியில் காதல் மட்டும் கிடைக்கிறது. 'கோரலைன்' படத்தின் பிற்பகுதி, இன்னொரு அம்மாவிடம் முன்பே சிக்கி இறந்த மூன்று குழந்தைகளின் கண்களைத் தேடும் பந்தயமாக மாறியதும் வேகம் கூடி அச்சம் குறைகிறது. வைபி நிஜ உலகிலும் உண்டு, ஆனால் நாவலில் கிடையாது. தனக்குள் பேசிக்கொள்ளும் நாயகியைத் திரையில் காட்டுவது கடினம் என்பதால் பேச்சுத் துணைக்குச் சேர்க்கப்பட்டவன். அதுவரை சரி. கிணற்றடியில் கடைசி ஆபத்தின்போது அவன் சைக்கிளில் பாய்ந்து வந்து காப்பாற்றுவதுதான் உறுத்துகிறது. நாவலில் கோரலைன் பொம்மைத் தேநீர் விருந்து வைத்து, தன் புத்தியாலேயே, துரத்தி வந்த இன்னொரு அம்மாவின் அறுந்த கையைக் கிணற்றுக்குள் விழவைக்கிறாள். படம் முழுக்க யாரையும் நம்பாதே என்று கற்றுக்கொண்ட பெண்ணுக்கு முடிவில் ஒரு பையன் எதற்கு?

இந்தக் குறையோடும் இரண்டில் பெரிய படம் 'கோரலைன்' என்பதில் எனக்கு ஐயமில்லை. முதல் படம் கண்ணுக்கு விருந்து, திரும்பத் திரும்பப் பார்க்கலாம். இரண்டாவதை வயதுக்கு வயது வேறுவிதமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. சிறுவர்களுக்கு அது ஒரு சாகசக் கதை, பெற்றோர்களுக்குத்தான் கெட்ட கனவு என்று கெய்மன் சொல்வதுண்டு. அவர் அடிக்கடி சொல்லும் ஒரு சம்பவமும் உண்டு. கைப்பிரதியைப் படித்த அவருடைய இலக்கிய முகவர், இது குழந்தைகளுக்கான புத்தகமே அல்ல, அவ்வளவு பயமாக இருக்கிறது என்றார். உங்கள் மகளுக்கு வாசித்துக் காட்டிப் பாருங்கள் என்றார் கெய்மன். வாசித்தார், சிறுமி கொஞ்சமும் பயப்படவில்லை. அந்தச் சாட்சியத்தின் பேரில்தான் அது குழந்தைகள் நூலாக வெளிவந்தது. பல ஆண்டுகள் கழித்து, கதை மேடை நாடகமானபோது, வளர்ந்துவிட்ட அந்தப் பெண்ணிடம் கெய்மன் இதை நினைவுபடுத்தினார். அவள் உண்மையைச் சொன்னாள்: அப்போது நடுநடுங்கிப் போயிருந்தாள். ஆனால் அடுத்து என்ன நடக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். பயம் என்று வாய்திறந்தால் வாசிப்பு அங்கேயே நின்றுவிடும் என்பதால் மறைத்துவிட்டாளாம்.